யாரும் போகாத இடம்

எங்கள் வீட்டு முன்னறை அலுமாரியில் ஒரு முருகைக் கிளை இருக்கிறது. ஒரு சாண் நீளம். மான்கொம்பு போலப் பிரிந்து, நுனிகள் கொஞ்சம் உதிர்ந்து, சுண்ணாம்பு வெள்ளையாய் இருக்கும். வீட்டுக்கு வருகிறவர்கள் கையில் எடுத்துத் திருப்பிப் பார்ப்பார்கள். எங்கே கிடைத்தது என்று கேட்டால், மாணவன் ஒருவன் அன்பளிப்பாகத் தந்தது என்று சொல்வேன். பொய் இல்லை. ஆனாலும் அந்தப் பதிலைச் சொன்ன கையோடு பேச்சை வேறு பக்கம் திருப்பிவிடுவேன்.

2011ஆம் ஆண்டு. யுத்தம் ஓய்ந்து இரண்டு வருடங்கள். ஊரெல்லாம் சுற்றுலாப் போய்க்கொண்டிருந்த காலம். நானும் என் வகுப்புப் பையன்கள் முப்பது பேரை நிலாவெளிக்குக் கூட்டிச் சென்று, அங்கிருந்து போட்டில் புறாத்தீவுக்குக் கொண்டுபோனேன். 1963இல் சரணாலயமாகவும் 2003இல் தேசியப் பூங்காவாகவும் பிரகடனம் செய்யப்பட்ட இடம். வெள்ளைக்காரன் காலத்தில் சுட்டுப் பழகுவதற்குப் பயன்படுத்திய தீவு என்று வழியிலேயே பாடம் நடத்திக்கொண்டு போனேன். தண்ணீர் இடுப்பளவு. பையன்கள் குதித்தார்கள். காலுக்குக் கீழே என்ன இருக்கிறது என்று அவர்களும் பார்க்கவில்லை, நானும் பார்க்கவில்லை. கால் ஊன்றக் கல் கிடைத்துவிட்டது என்று ஒருவன் சந்தோஷத்தில் கூவினான். அது கல் அல்ல. திரும்பி வரும்போது பின்வரிசைப் பையன் ஒருவன் சேட்டுக்குள் மறைத்து வைத்திருந்ததை எடுத்து, "சேர், இது உங்களுக்கு" என்று நீட்டினான். அங்கிருந்து எதையும் எடுத்து வரக்கூடாது என்பது எனக்குத் தெரியும். அவன் முகத்தைப் பார்த்தேன். வாங்கிக்கொண்டேன்.

இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. இனி எழுதப்போகும் விசயத்தில் நான் நியாயம் பேசுகிறவனாக வருகிறேன். வாசகர் என்னைக் கொஞ்சம் சந்தேகத்தோடேயே வாசிக்க வேண்டும்.

என் மனைவியின் தம்பி மாலைதீவில் ஒரு சபாரிப் படகில் சமையல்காரன். பத்துப் பன்னிரண்டு பேர் தங்கக்கூடிய அந்தப் படகு, உல்லாசப் பயணிகளை ஏற்றிக்கொண்டு ஒரு வாரம் தீவு தீவாகச் சுற்றும். 2019 ஓகஸ்ட் மாதம், மழைக்காலமாதலால் ஓர் அறை காலியாகக் கிடந்தது. முதலாளியிடம் கேட்டு என்னை வரச் சொன்னான். விமான ரிக்கற் மட்டும்தான் என் செலவு. அந்த வருடம் ஏப்ரல் குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு எங்கள் ஊரில் எல்லோருக்கும் நெஞ்சு கனத்துக் கிடந்த நேரம். "கொஞ்சம் காத்து மாறட்டும், பெய்த்து வாங்க" என்று மனைவியும் சொன்னாள்.

அந்தப் பயணத்தில் காலை ஒரு தடவை, பின்னேரம் ஒரு தடவை, ஏதாவதொரு முருகைத் திட்டின் அருகே படகை நிறுத்துவார்கள். அங்கிருந்து சிறிய வள்ளத்தில் ஏறிப் போக வேண்டும். அதை அவர்கள் தோணி என்றே சொல்கிறார்கள், நமது சொல்தான். கண்ணுக்கும் மூக்குக்கும் சேர்த்து மூடும் கண்ணாடியை மாட்டி, வாயில் மூச்சுக்குழாயைக் கவ்விக்கொண்டு, முகங்குப்புற மிதந்தபடி கீழே பார்க்க வேண்டும். ஸ்நோர்க்கலிங் என்பது இவ்வளவுதான். நீச்சல் கூடப் பெரிதாகத் தேவையில்லை. அவர்களுடைய மொழியில் மேலே எட்டி நிற்கும் சிறு திட்டு கிரி, ஆழத்தில் அமிழ்ந்து கிடப்பது திலா, பெரிய பாறைத்தொடர் ஃபரு. அற்றோல் என்று நாம் புவியியலில் படிப்பிக்கிற சொல்லே அவர்களுடைய திவெஹி மொழியிலிருந்து ஆங்கிலத்துக்குப் போனது என்று அங்கேதான் அறிந்தேன். இருபது வருடம் அந்தச் சொல்லைக் கரும்பலகையில் எழுதியிருக்கிறேன்!

மூன்றாம் நாள் இராச்சாப்பாட்டுக்குப் பிறகு கப்டன் எல்லோரையும் மேல்தளத்துக்கு அழைத்தார். படகு பா அற்றோலில் நின்றது. நாளைக்கு இரண்டு இடங்களில் ஒன்றுக்குத்தான் போகலாம், நீங்களே தெரிவுசெய்யுங்கள் என்றார்.

ஒன்று ஹனிஃபரு. ஒரு பாடசாலை மைதானம் அளவான குடா. தென்மேல் பருவக்காற்றுக் காலத்தில், நீரோட்டம் பிளாந்தன்களைக் கொண்டுவந்து அதற்குள் குவித்துவிடும். அதைத் தின்னக் கொம்புத் திருக்கைகள் கூட்டமாக வரும். சில நாட்களில் நூறுக்கும் மேல் வருமாம். 2009இல் பாதுகாக்கப்பட்ட பிரதேசமாக்கினார்கள். 2011இல் பா அற்றோல் முழுவதையுமே யுனெஸ்கோ உயிர்க்கோள ஒதுக்கிடமாக அறிவித்தது. 2012இலிருந்து காற்று உருளை கட்டிச் சுழியோட அங்கே தடை. மேலே மிதந்து மட்டும் பார்க்கலாம். ஒரே நேரத்தில் இத்தனை படகு, இத்தனை பேர் என்று கணக்கு இருக்கிறது. நாற்பத்தைந்து நிமிடம் முடிந்தால் வெளியே வந்துவிட வேண்டும். கட்டணமும் உண்டு, காவலர்களும் உண்டு.

மற்றது, பெயரில்லாத ஒரு கிரி. கப்டனின் வாப்பா சூரை பிடிக்க இரைமீன் வாரிய இடம். 2016இல் கடல் சூடேறி மாலைதீவு முழுக்க முருகைகள் வெளுத்துச் செத்தபோது, அது மட்டும் எப்படியோ தப்பிவிட்டது என்றார். சபாரிப் படகு எதுவும் அங்கே போவதில்லை. பயணிகளில் ஓர் அம்மா, கூட்டமில்லாத இடம் எதுவுமே இல்லையா என்று இரண்டு நாட்களாக நச்சரித்திருந்தபடியால்தான் அவர் வாய்விட்டார் என நினைக்கிறேன். சொன்ன பிறகு அவர் முகம் அவ்வளவு சந்தோஷமாக இருக்கவில்லை.

என்னோடு சேர்த்து ஏழு பேர். மூன்று பேர் திருக்கை பார்க்க வேண்டும் என்றார்கள். மூன்று பேர் அந்த அம்மாவின் பக்கம். கப்டன் என்னைப் பார்த்தார். ஓசிப் பயணிக்கு வாக்குரிமை இல்லை என்று சிரித்துச் சமாளிக்கப் பார்த்தேன். விடவில்லை.

மனம் எந்தப் பக்கம் இழுத்தது என்பதை மறைக்கப்போவதில்லை. கிரியின் பக்கம்தான். யாரும் பார்க்காததைப் பார்த்தேன் என்று ஊருக்கு வந்து சொல்வதில் ஒரு மவுசு இருக்கிறது. அதோடு, கூட்டம் என்றால் அழிவு, தனிமை என்றால் தூய்மை என்று எப்போதும் ஒரு கணக்கு நமக்குள் ஓடுகிறது. ஆனால் அந்த அம்மா "யாரும் போகாத இடம்" என்று திரும்பத் திரும்பச் சொன்னது என் காதில் வேறு மாதிரி விழத் தொடங்கியது.

ஆசிரியர் கலாசாலையில் எங்களுக்குக் கல்வித் தத்துவம் படிப்பித்த விரிவுரையாளர், ஜேர்மன் தத்துவஞானி இமானுவேல் கான்ற்றைப் பற்றி ஒரே ஒரு பாடவேளைதான் பேசினார். அதில் எனக்கு மிஞ்சியது ஓர் உதாரணம். திருப்பித் தர மாட்டேன் என்று தெரிந்துகொண்டே, தருவேன் என்று வாக்குக் கொடுத்துக் கடன் வாங்குகிறான் ஒருவன். எல்லோரும் அப்படியே செய்தால் என்ன ஆகும்? வாக்கு என்ற ஒன்றே உலகத்தில் இல்லாமல் போய்விடும். பிறகு பொய் வாக்குக் கொடுக்கவும் வழியிராது. பொய்யன் வாழ்வது, மற்றவர்கள் வாக்கைக் காப்பாற்றுகிறார்கள் என்பதனால்தான். அன்றைக்குப் பரீட்சைக்காகப் பாடமாக்கியது, இருபது வருடம் கழித்து ஒரு படகின் மேல்தளத்தில் வந்து நின்றது. யாரும் போகாத இடத்துக்கு நான் போக வேண்டும் என்ற ஆசையும் அதே சாதிதான். அந்த ஆசை எல்லோருக்கும் வந்து, எல்லோரும் அதை நிறைவேற்றினால், அப்படி ஓர் இடமே இராது. மற்றவர்கள் போகாமல் விட்டதைத்தான் நான் அனுபவிக்கப் போகிறேன். அதற்கு நான் கொடுக்கும் விலை ஒன்றுமில்லை.

இது வெறும் தர்க்கம் இல்லை. தாய்லாந்தின் பீபீ லே தீவில் மாயாக் குடா என்று ஓர் இடம். 2000ஆம் ஆண்டு வெளிவந்த 'தி பீச்' என்ற ஆங்கிலத் திரைப்படத்தை அங்கே எடுத்தார்கள். படத்தின் கதையே, யாருக்கும் தெரியாத ஒரு கடற்கரையைத் தேடிப் போய், அதை வெளியுலகம் அறியாமல் வைத்துக்கொள்ளப் பாடுபடுகிறவர்களின் கதை. படம் பார்த்தவர்கள் என்ன செய்தார்கள்? அந்த யாருக்கும் தெரியாத கடற்கரையைத் தேடிப் புறப்பட்டார்கள். நாளொன்றுக்கு ஐயாயிரம் பேர் வரை வந்தார்கள். முருகை அழிந்து, 2018 ஜூன் மாதம் குடாவையே மூட வேண்டியதாயிற்று. 2022 ஜனவரியில் திரும்பத் திறந்தபோது ஆட்கணக்குக் கட்டுப்பாட்டோடும், தண்ணீரில் நீந்தக் கூடாது என்ற தடையோடும்தான் திறந்தார்கள்.

நான் ஹனிஃபருவுக்குக் கை தூக்கினேன். ஏனென்று கேட்டார்கள். மட்டுப்பாடு உள்ள இடத்திலே நான் ஒருவன் கூடினாலும் அந்தக் கணக்குக்குள்தான் அடங்குவேன்; மட்டுப்பாடு இல்லாத இடத்திலே நான்தான் முதலாவது ஆள், எனக்குப் பின்னால் எத்தனை பேர் என்று யாருக்கும் தெரியாது என்று என் ஆங்கிலத்தில் சொல்லி முடித்தேன். அந்த அம்மா எழுந்து கீழே போய்விட்டார்.

அடுத்த நாள் ஹனிஃபரு. உள்ளதைச் சொல்ல வேண்டும், சந்தை மாதிரி இருந்தது. பக்கத்தில் நீந்தியவரின் றப்பர்த் துடுப்பு இரண்டு தரம் என் கண்ணாடியில் அடித்தது. பிளாந்தன் கலங்கிய பச்சைத் தண்ணீர், பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. பிறகு அந்தப் பச்சைக்குள்ளிருந்து ஒரு வாய் வந்தது. அறை வாசல் அகலத்துக்குத் திறந்த வாய், இரண்டு பக்கமும் கொம்பு மாதிரி மடல்கள், பின்னால் விரிந்த கறுப்புச் சிறகுகள். என் வயிற்றுக்குக் கீழாக வழுக்கிப் போய், தலைகீழாகப் புரண்டு, வெள்ளை அடிவயிற்றைக் காட்டித் திரும்பவும் வந்தது. அதற்குப் பின்னால் இன்னொன்று. எங்கள் ஊர்ச் சந்தையில் இந்த மீனின் சாதியைத் துண்டு துண்டாகத்தான் பார்த்திருக்கிறேன், சாக்கில் பரப்பி, ஈ மொய்க்க. கருவாடாகத் தின்றும் இருக்கிறேன். முழுதாக, உயிரோடு, தன் வேலையில் இருக்கிற ஒன்றாக அன்றுதான் பார்த்தேன். நாற்பத்தைந்து நிமிடம் முடிந்துவிட்டது என்று வழிகாட்டி கை காட்டியபோது, இன்னும் ஐந்து நிமிடம் தரமாட்டானா என்று எனக்கே ஆத்திரம் வந்தது.

அன்றிரவு சமையலறை வாசலில் குந்தியிருந்தேன். மச்சினன் வெங்காயம் வெட்டிக்கொண்டே சிரித்தான்.

"மச்சான், நீங்க ஒரு ஆள் போகாட்டி அந்தக் கிரிக்கு என்ன வந்துடப் போகுது? கடல் சூடாகித்தான் எல்லாம் சாகுது. உங்கட காலாலயா சாகுது? ப்ளேன்ல வந்து எறங்கிட்டு இதெல்லாம் பேசுறீங்க."

லேசாகத் தள்ளிவிடக்கூடிய கேள்வி இல்லை. 1998இல் மாலைதீவின் ஆழங்குறைந்த இடங்களிலிருந்த முருகையில் பெரும்பகுதியைக் கொன்றது மனிதக் கால் அல்ல, சூடான தண்ணீர். 2016இலும் அதுதான். நான் திரும்பி வந்து ஐந்து வருடம் கழித்து, 2024இல், உலகக் கடல்கள் நாலாவது தரமாகப் பரவலாக வெளுப்பதாக விஞ்ஞானிகள் அறிவித்தார்கள். அதே வருடம், ஐந்து இலட்சம் பேரளவில் வாழும் மாலைதீவுக்கு இருபது இலட்சத்துக்கும் மேற்பட்ட உல்லாசப் பயணிகள் வந்து போனார்கள், அநேகமாக எல்லோரும் விமானத்தில்தான். இவ்வளவு பெரிய கணக்குக்குள் ஒரு வாத்தியாரின் கால் எம்மாத்திரம்?

அவனுக்கு அன்றைக்கு என்னால் பதில் சொல்ல முடியவில்லை. பிறகு யோசித்ததில், காய்ச்சலில் கிடக்கிறவனை இடித்துத் தள்ளிவிட்டு, அவனுக்கு ஏற்கெனவே காய்ச்சல்தானே என்று சொல்வது போன்ற நியாயம் அது என்று பட்டது. கடலின் சூட்டை நான் தனியே குறைக்க முடியாது. காலை எங்கே வைப்பது என்பது மட்டும் முழுக்க என் கையில் இருக்கிறது. சின்ன விசயம்தான். ஆனால் என்னைத் தவிர வேறு யார் மீதும் பழி போட முடியாத விசயம்.

அவன் கேட்காத இன்னொரு கேள்விதான் என்னை அதிகம் உறுத்துகிறது. மட்டுப்பாடு என்றால் பல இடங்களில் கட்டணம் என்றே அர்த்தமாகிவிட்டது. டொலரில் கட்டுகிறவன் உள்ளே, கட்ட முடியாதவன் கரையில். புறாத்தீவிலும் நாளைக்கு விலையை ஏற்றித்தான் கூட்டத்தைக் குறைப்பார்கள் என்றால், முதலில் வெளியே நிற்கப்போவது என் வகுப்புப் பையன்கள். பிறந்த கடலைப் பார்க்காமல் அவர்கள் எதைக் காப்பாற்றுவார்கள்? தலையை எண்ணுங்கள், வரிசையில் நிற்க வையுங்கள், இன்றைக்கு இல்லை நாளைக்கு வா என்று திருப்பியும் அனுப்புங்கள். சட்டைப்பையை எண்ணாதீர்கள் என்பதே என் அபிப்பிராயம்.

இத்தோடு கட்டுரையை முடித்திருந்தால் எனக்கு மரியாதையாக இருந்திருக்கும்.

கடைசி நாளுக்கு முந்தின நாள், சுபஹுத் தொழுதுவிட்டு மேல்தளத்தில் நின்றேன். கப்டனும் தொழுதுவிட்டு வந்தார். சின்ன வயதில் கொழும்பில் படித்தவர், இலங்கைக்காரன் என்பதில் என்னோடு கொஞ்சம் ஒட்டுதல். மற்றவர்கள் எழும்ப இன்னும் ஒரு மணித்தியாலம் இருக்கிறது, கிரி இங்கிருந்து பத்து நிமிடம்தான், நீங்கள் பேசியது எனக்குப் பிடித்தது, உங்களுக்கு மட்டும் காட்டுகிறேன், வாங்க சேர் என்றார்.

கான்ற் வாயைத் திறக்கவில்லை. நானும் திறக்கவில்லை. தோணியில் ஏறினேன்.

உண்மையில் அது பெரிய இடமே இல்லை, இரண்டு வளவு அளவுதான் இருக்கும். காலை வெயில் சாய்வாக இறங்கிக்கொண்டிருந்தது. கலியாண வீட்டுச் சகன் மாதிரித் தட்டையாக விரிந்த முருகைகள் ஒன்றின்மேல் ஒன்றாய் அடுக்கி நின்றன. மான்கொம்பு முருகைகளின் நுனிகள் நீலமாய் இருந்தன. உயிருள்ள முருகையின் நுனிக்கு நிறம் இருக்கும் என்பதை என் அலுமாரியிலிருப்பது எனக்கு ஒருநாளும் சொன்னதில்லை. கிளிமீன்கள் முருகையைக் கடிக்கும் சத்தம், அப்பளம் நொறுக்குவதுபோல், தண்ணீருக்குள் தெளிவாகக் கேட்டது. வேறு சத்தம் இல்லை. கூட்டமில்லாத இடம் கேட்ட அந்த அம்மாவின் ஆசை எனக்கு விளங்கியது. ஹனிஃபருவில் இந்த அமைதி கிடைக்காது, எத்தனை சட்டம் போட்டாலும்.

கண்ணாடிக்குள் தண்ணீர் கசிந்திருந்தது. தலையைத் தூக்கிச் சரிசெய்யப் போய், மூச்சுக்குழாய் நனைந்து, ஒரு மிடறு உப்புத் தண்ணீர் தொண்டைக்குள் இறங்கிவிட்டது. இருமினேன். மூச்சு வரவில்லை. பயம் பிடித்த மனிதன் செய்கிறதைத்தான் நானும் செய்தேன், கால் ஊன்ற இடம் தேடினேன். கிடைத்தது. குதிக்காலுக்குக் கீழே ஒன்று முறிந்தது. சத்தத்தைக் காதால் கேட்டேனா, எலும்பால் கேட்டேனா தெரியாது. நிலை கொள்ளாமல் மற்றக் காலையும் வைத்தேன். இன்னொன்று முறிந்தது.

கப்டன் பாய்ந்து வந்து கக்கத்துக்குள் கைகொடுத்துத் தூக்கினார். தோணியில் உட்கார வைத்துத் தண்ணீர் தந்தார். "பரவாயில்லை சேர், வளர்ந்துவிடும்" என்றார். எவ்வளவு காலத்தில் வளரும் என்பது எனக்குத் தெரியும், படிப்பிக்கிற பாடம்தானே. மான்கொம்பு முருகை வருடத்துக்குப் பத்து சென்ரிமீற்றர் வரை வளரும். உருண்டை முருகை ஒரு சென்ரிமீற்றர் வளர்ந்தாலே அதிகம். எதை மிதித்தேன் என்று குனிந்து பார்க்கும் தைரியம் வரவில்லை.

ஹனிஃபருவில் எனக்கு இருமல் வந்திருந்தால் வழிகாட்டி கையெட்டும் தூரத்தில் இருந்திருப்பான். உயிர்காப்பு அங்கி இல்லாமல் இறங்கவே விட்டிருக்க மாட்டான். கிரியில் நான் அங்கி போடவில்லை. பார்க்க யாருமில்லாத இடத்தில் எதற்கு என்று நினைத்திருப்பேன் போல. காவலும் கணக்கும் அறியாதவர்களுக்கும் அக்கறையில்லாதவர்களுக்கும்தான் என்று அதுவரை எண்ணியிருந்தேன். முந்தாநாள் இரவு எல்லோர் முன்னிலும் வியாக்கியானம் செய்தவன் நான். அறிவும் இருந்தது, அக்கறையும் இருந்தது. என் காலுக்கு அவை இரண்டும் போய்ச் சேரவில்லை.

கிரி எங்கே இருக்கிறது என்று யாரிடமும் சொல்ல வேண்டாம் என்று திரும்பும் வழியில் கப்டன் கேட்டுக்கொண்டார். பக்கத்துத் தீவின் பெயர் எனக்குத் தெரியும். எழுதவில்லை.

இந்த வருடமும் பத்தாம் வகுப்பார் புறாத்தீவுக்குப் போகக் கேட்கிறார்கள். அதிபர் படிவத்தை என் மேசையில் வைத்துவிட்டுப் போனார். இடம், மாணவர் தொகை என்று இரண்டு கட்டங்கள். அன்றைக்கு முருகைக் கிளை தந்த பையன் இப்போது நிலாவெளியில் போட் ஓட்டுகிறான், இரண்டு பிள்ளைகளின் தகப்பன். அவனுக்குக் கோல் எடுத்தேன்.

"முப்பது பேர ஒண்டாக் கொண்டு வராதீங்க சேர். பத்துப் பத்தாக் கொண்டு வாங்க, மூணு நாளைக்கு. எல்லாருக்கும் ஜக்கற் போட்டு நான் கயித்துலயே வெச்சிருக்கன். ஒருத்தனையும் கால் ஊண்ட விடமாட்டன்."

மூன்று நாளைக்கு பஸ் செலவு எங்கே போவது என்றேன். அது உங்கட பாடு சேர் என்று சிரித்தான். பிறகு, "நான் அன்டைக்குத் தந்தது இன்னமும் ஈக்கா?" என்று கேட்டான்.

இருக்கு என்றேன்.